கீபோர்டைத் தொடாத பச்சியப்பன்

கேட்காமலே சத்தியம் செய்கிறவனை நான் நம்ப மாட்டேன். பச்சியப்பன் எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினான்.

“இத நீங்களே எங்கயாச்சும் வெச்சிருங்க பாய். வேல முடிஞ்சி போறப்ப வாங்கிக்கறேன்.”

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், அது வேறு. நான் நினைத்ததை அவனே செய்ததும் எனக்கு உள்ளே முள் தைத்த மாதிரி ஆகிவிட்டது. இவன் இதற்கெல்லாம் பழகியவன் என்று தோன்றியது. போனை வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். அவன் சட்டையைப் பார்த்தேன். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையே இல்லை. பை வைக்காமல் தைக்கச் சொல்லியிருக்கிறான். அதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை.

என் பெயர் பக்ருதீன். அரூரில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். ஆறாவதோடு படிப்பு நின்றது. ஒருவரிடம் விளக்குப் பிடிக்கப் போய்க் கேமரா பிடிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் ஆண்கள் பக்கம் நான் எடுப்பேன். பெண்கள் பக்கம் என் மனைவி ரோஷன் பீ எடுப்பாள். அந்தப் பக்கத்துக் கதவை நான் தாண்டியதில்லை. அவள் எடுத்ததை அவளே வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வெட்டி ஒட்டி, அந்த வீட்டுப் பெண்கள் கையிலேயே கொடுப்பாள். பதிமூன்று வருடத்தில் என் கண்ணில்கூட அது பட்டதில்லை. தருமபுரியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் எங்களைத் தேடி வருகிறார்கள் என்றால் என் கேமராவைப் பார்த்து வருவதில்லை. ரோஷன் பீ எடுத்தது வெளியே போகாது என்று வருகிறார்கள். அடுத்தவர் நம்பி ஒப்படைத்த பொருளை நாங்கள் அமானத் என்போம். அதில் ஒரே ஒரு படம் எவன் போனிலாவது வந்துவிட்டால் எங்கள் பிழைப்பு அன்றோடு சரி. பிழைப்பு கிடக்கட்டும், நான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

அத்தனையும் ஒரே பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. போன மழைக்கு விழுந்த இடியில் பென் டிரைவ் செருகும் இடமெல்லாம் செத்துப்போனது. சிடி எழுதுவதும் நின்றது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. டிஸ்க் சாகப் போகிறது என்றார்கள். லேப்டாப் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்தோம். பழையதில் இருப்பதைப் புதியதுக்குக் கொண்டுவர வழி கேட்டு நாலு கடை ஏறினேன். நாலிலும் ஒரே பேச்சு. “பெட்டிய வெச்சிட்டுப் போங்க பாய், ரெண்டு நாள்ல ரெடி.” ஊரார் வீட்டுப் பெண்களை இரண்டு நாள் கடையில் விட்டுவிட்டு வருவதா?

வீட்டுக்கே வந்து செய்கிறவன் என்று ஒரே ஒரு பெயர்தான் கிடைத்தது. டயர் கடை நிசார் அகமதுவிடம் விசாரித்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் நிசாரிடம் ஒரு வரி இருக்கும்.

“பச்சியப்பனா? படம் திருடுனவனாச்சே.”

“என்ன படம்?”

“மசூதித் தெருவுல கடை வெச்சிருந்தான் இல்ல? ரிப்பேருக்கு வந்த கம்ப்யூட்டர்ல இருந்த ஒரு பொண்ணு படம், ஊர்ல இருக்கற போனெல்லாம் சுத்துச்சி. கடைய சாத்திட்டு ஓசூருக்கு ஓடிட்டான், இப்பதான் திரும்பி வந்திருக்கான். குத்தம் செய்யாதவன் எதுக்கு ஓடறான், சொல்லு.”

எனக்கும் அரைகுறையாகக் காதில் விழுந்த கதைதான். இருந்தாலும் அந்த டக் டக் என்னை விடவில்லை. நான் கண் எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்தால் என்ன செய்துவிடுவான் என்று ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னேன்.

வந்தவன் தன் தோள்பையிலிருந்து ஒரு நீலக் கேபிளை எடுத்தான். இரண்டு முனையிலும் போன் வயருக்கு இருப்பதைப் போல, அதைவிடக் கொஞ்சம் அகலமாக ஒரு பிளாஸ்டிக் கிளிப்.

“ரெண்டு பெட்டிக்கும் நடுவுல இது ஒண்ணுதான் பாய். இங்கிருந்து நேரா அங்க. நடுவுல என் டிஸ்க் கிடையாது, என் பென் டிரைவ் கிடையாது.”

“உள்ள இருக்கற டிஸ்க்கக் கழட்டி மாட்டுனா சீக்கிரம் முடியும்னாங்களே?”

“முடியும். ஆனா அத நான் கையில எடுக்கணும். நான் எடுக்க மாட்டேங்க.”

“ஏன்?”

“எடுக்க மாட்டேங்க. அவ்ளோதான்.”

சுவரில் மின்னிக்கொண்டிருந்த இன்டர்நெட் பெட்டியின் வயரைப் பிடுங்கி, பெட்டியை என் மடியில் வைத்தான். “வெளிய போறதுக்கு இருக்கற ஒரே வழி இது. நீங்களே வெச்சிக்கிட்டு உக்காருங்க.” குழந்தையை வைத்துக்கொண்டிருப்பதைப் போல நாள் முழுதும் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். இதிலும் ஏதாவது சூது இருக்குமோ என்று அடிக்கடி தடவிப் பார்த்தேன்.

அடுத்து, கீபோர்டைத் தொட மாட்டேன் என்றான். நாங்கள்தான் தட்ட வேண்டுமாம். என் விரல் ஒரு எழுத்தைத் தேடி முடிப்பதற்குள் விடிந்துவிடும். ரோஷன் பீ முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். பச்சியப்பன் வாசல் நிலையில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான். அவள் திரையில் இருப்பதைப் படிக்க, அவன் தெருவைப் பார்த்தபடி பதில் சொன்னான். கண்ணை மூடிக்கொண்டு அடுத்தவன் வீட்டு அறைக்குள் நடக்கிறவன் மாதிரி இருந்தது.

“மொதல்ல எத்தன ஃபோல்டர் இருக்குன்னு எண்ணுங்கக்கா.”

“இருநூத்திப் பதினாலு.”

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, தேதி போட்டு, 214 என்று எழுதி என்னிடம் நீட்டினான். “கையெழுத்துப் போடுங்க பாய். நாளைக்கு ஒண்ணு குறைஞ்சாலும் யாரும் வாயால பேசக் கூடாது. தாளு பேசணும்.”

போட்டேன். இரண்டு பெட்டிக்கும் கதவு இலக்கம் மாதிரி ஒரு நீள எண் கொடுக்கச் சொன்னான். கடைசி எண் ஒன்றில் 1, இன்னொன்றில் 2. “இது யார் போன் நம்பர்?” என்றேன். “ரெண்டும் ஒண்ணையொண்ணு கூப்புட்டுக்கற பேருங்க” என்றான். பிறகு பழைய பெட்டியில் எதையோ திறந்துவிடச் சொன்னான். அதில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரோஷன் பீ எழுத்துக் கூட்டிப் படித்தாள். “எவ்ரி ஒன்.”

அந்த அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். “எல்லாருக்குமா? எல்லாருக்கும் தெறந்து விடச் சொல்றியா?”

“எல்லாரும்னா கேபிளோட அந்த முனையில இருக்கறவங்க பாய். அந்த முனையில யாரு இருக்காங்க?”

பார்த்தேன். லேப்டாப் இருந்தது. அதற்குப் பின்னால் சுவர். எழுந்து போய்ச் சுவருக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் தோள் குலுங்கியது, சிரித்திருப்பான்.

ஓட ஆரம்பித்ததும் ஏழு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. கேபிள் செருகிய இடத்தில் இரண்டு பக்கமும் சின்ன விளக்கு துடித்தது.

“இங்கிருந்துதான அங்க போவுது? அங்க எதுக்கு மின்னுது?”

“வாங்கிக்கிட்டேன்னு அது பதில் சொல்லணுமில்ல.”

“பதில் சொல்றதுக்கு இவ்வளவு மின்னணுமா?”

“உங்க வூட்டுக்கு சாமான் எறக்குனா எண்ணாம வாங்குவீங்களா பாய்?”

என் வாயை அடைத்துவிட்டான். அதுவும் பிடிக்கவில்லை. ரோஷன் பீயிடம் உருதுவில், எங்கள் வீட்டுப் பேச்சு அதுதான், “ஆள் பெரிய வாயாடி, பையை ஒரு கண் பார்த்துக்கொள்” என்றேன். பச்சியப்பன் தன் பையைக் காலால் அறைக்கு நடுவே தள்ளி, ஜிப்பைத் திறந்து விட்டான்.

“மசூதித் தெருவுல அஞ்சி வருஷம் கடை வெச்சிருந்தேங்க பாய். பேச வராது. கேட்டா புரியும்.”

என் காது சூடானது. ரோஷன் பீ முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

ஏழு மணி நேரம் ஒரு அறையில் இரண்டு ஆம்பிளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே உட்கார முடியாது. பேச்சுக் கொடுத்தேன். வாயைக் கிளறினால் ஏதாவது விழும் என்றுதான்.

சித்தேரி மலைமேல் அவன் அப்பா சாமை விதைத்தவர். ஐந்தாவதுக்குமேல் படிக்க இவனை அரூரில் ஹாஸ்டலில் விட்டார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்ததாம். துணி போர்த்தி, அறையைப் பூட்டி வைத்திருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூசைக்குத் திறந்து, துடைத்து, பொட்டு வைத்து, மறுபடியும் பூட்டுவார்கள். துடைக்கிற வேலை ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு. இவன் துடைக்கிற சாக்கில் பின்பக்கத்து ஸ்குரூவைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறான்.

“மாட்டிக்கிட்டியா?”

“இல்லீங்க. எல்லாத்தையும் திருப்பி மாட்டிட்டேன். அதான் மொத ரிப்பேரு.”

பன்னிரண்டாவதில் தவறி, தருமபுரியில் ஒரு கடையில் கூட்டிப் பெருக்கி, வேலை பழகி, அரூரில் சொந்தக் கடை போட்டான். காவேரி என்ற பெண்ணைக் கட்டினான். ஐந்து வருடம் நன்றாகத்தான் ஓடியது.

“அப்பறம் அந்தப் படம்” என்றேன். எனக்கு அதுதான் வேண்டும்.

“கேள்விப்பட்டிருப்பீங்கன்னு தெரியும்” என்றான். முகம் மாறவில்லை. “அந்தப் பொண்ணோட போன்ல இருந்து அவ மாமா பையனே எடுத்து அனுப்புனது. அவங்க கம்ப்யூட்டரு அந்த வாரம் எங்கடையில இருந்துச்சி. அதனால நான்னு ஆயிடுச்சி. யாரும் அடிக்கல, திட்டல. வர்றத நிறுத்திட்டாங்க. அவ்ளோதான்.”

“மாமா பையன்னு அப்பறம் தெரிஞ்சிச்சில்ல?”

“தெரிஞ்சது அவங்க வூட்டுக்குள்ளங்க. வெளிய வந்து யாரு சொன்னா?”

ஓசூரில் நாலு வருடம் ஒரு கம்பெனியில் வேலை. இங்கே காவேரியை ஓடினவன் பெண்டாட்டி என்று குழாயடியில் பேச, “நீ வந்து இங்கயே உக்காரு, என்ன ஆவுதுன்னு பாப்போம்” என்று அவள்தான் திரும்ப அழைத்திருக்கிறாள். அதற்குப் பிறகுதான் கடை வேண்டாம், வீட்டுக்குப் போய்ச் செய்வது, எதையும் தொடாமல் செய்வது என்று வைத்துக்கொண்டான்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. அவன் சொல்கிற கதை அவனுக்குச் சாதகமாகத்தானே இருக்கும்? நான் பாதிதான் நம்பினேன்.

பகல் தொழுகைக்கு நேரமானது. அவனை அறையில் விட்டுப் போக எனக்கு மனசில்லை. சொல்வதற்கு முன்பே எழுந்து, டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே படியில் உட்கார்ந்தான். ரோஷன் பீயை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, இன்டர்நெட் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். நான் திரும்பி வரும்போதும் அவன் அதே படியில்தான் எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நாலரை மணிக்கு முடிந்தது. பச்சியப்பன் வாசல் நிலைக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டான்.

“புதுசுல எத்தன இருக்குன்னு எண்ணுங்கக்கா.”

ரோஷன் பீ இரண்டாம் முறையும் எண்ணினாள். நானே குனிந்து பார்த்தேன். இருநூற்றுப் பதிமூன்று. பழையதைப் பார்த்தேன். அதிலும் இருநூற்றுப் பதிமூன்று. தாளில் என் கையெழுத்துக்கு மேலே 214.

ஒரு வீட்டுக் கல்யாணம் இரண்டு பெட்டியிலும் இல்லை. “எங்கடா போச்சி?” என்றேன். அதுவரை போப்பா வாப்பா என்று பேசியவன்தான் நான்.

அவன் திரும்பினான். தாளைப் பார்த்தான். “அப்படி ஆவாதுங்களே” என்றான் மெல்ல. “கேபிள் எடுத்துக்கிட்டுப் போவும். அழிக்காது.”

“பையக் கொட்டு.”

கொட்டினான். கிளிப் அழுத்துகிற குறடு, நாலைந்து கிளிப், ஒரு ஸ்குரூடிரைவர், மீதி வயர், டிபன் டப்பா. ஒன்றும் இல்லை. இல்லாததாலேயே எனக்கு ஆத்திரம் கூடியது. அவன் படியில் இருந்தான், கதவு தாழ் போட்டிருந்தது, கீபோர்டை அவன் தொடவே இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் காலையிலிருந்து ஒருவனைத் திருடன் என்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திருட்டு நடந்தவுடன் வேறு யார் முகம் தோன்றும்? நிசாருக்குப் போன் போட்டேன். “நீ சொன்னது சரியாப் போச்சி. ஒண்ணு காணோம். உடனே வா.”

பச்சியப்பன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

“போலீசக் கூப்புடறதுன்னாலும் கூப்புடுங்க பாய். நான் எழுந்து போவ மாட்டேன். போன தடவ போனேன். போனதே குத்தமாயிடுச்சி.”

அப்போது ரோஷன் பீ உருதுவில், குரல் இறங்கி, “அவரை விடுங்கள். அழித்தது நான்” என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். இருபத்தாறு வருடமாக என்னோடு இருப்பவள். அவள்மேல் ஒரு நிமிடம்கூட என் சந்தேகம் போகவில்லை.

“சமரீன் போன மாதம் வந்தாள். அந்த முதல் கல்யாணம் ஒன்றரை வருடத்தில் முறிந்ததே, அந்தப் பெண். இப்போது வேறு இடத்தில் நிக்காஹ் ஆகி, கையில் குழந்தை. அந்தப் பழைய கல்யாணம் யாருடைய பெட்டியிலும் இருக்கக் கூடாது, எந்த ஆணுக்கும் இது தெரியக் கூடாது என்று என் கையைப் பிடித்து அழுதாள். சரி என்று சொன்னேன். எதையும் அழிக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். இன்றைக்கு அது புதியதுக்கும் போனதைக் கண்ணால் பார்த்தேன். நீங்கள் தொழப் போனபோது இரண்டிலும் எடுத்துவிட்டேன். தாளில் எண் போட்டது அப்போது என் புத்தியில் இல்லை.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கும் எனக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்தது. இருவரும் தரையைப் பார்த்தோம். பச்சியப்பன் குறடையும் கிளிப்பையும் ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். கேட்டா புரியும் என்றவன். தலை நிமிரவில்லை.

வாசலில் நிசாரின் வண்டி வந்து நின்றது. கூடவே எதிர்வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நிசார் உள்ளே வந்து இடுப்பில் கை வைத்தான்.

“ஏண்டா, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? யார் வூட்டுப் படம்டா?”

பச்சியப்பன் நினைத்திருந்தால் ஒரே பெயர் சொல்லிக் கழன்றிருக்கலாம். அந்தப் பெயர் ராத்திரிக்குள் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும். அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். நிசார் அவன் சட்டைக் காலருக்குக் கையை நீட்டினான்.

எனக்குச் சொல்ல வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்டுபிடித்துவிட்டோம், கிடைத்துவிட்டது என்று சொல்லலாமா என்று பார்த்தேன். கிடைத்ததைக் காட்டு என்பான். மனைவி பெயரைச் சொன்னால் ஏன் என்பான். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன்.

“கைய எடு நிசார். நான்தான் அழிச்சேன்.”

“என்னது?”

“காலையில எதையோ அழுத்துனேன். ஒரு கல்யாணம் போயிடுச்சி. என் தப்பு. இவன் மேல ஒண்ணுமில்ல.”

நிசார் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தான். நம்பவில்லை என்பது தெரிந்தது. பிறகு வேறு வரி கிடைத்த சந்தோஷத்தில் சிரித்தான். “பதிமூணு வருஷமா பூட்டிப் பூட்டி வெச்சி, ஒரு வெரல்ல போக்கிட்டியா? நல்ல ஆளுகிட்டதான் ஊரு குடுத்து வெச்சிருக்கு.” வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான். அந்த வாரமே சாயிரா என்ற அம்மா தன் மகள் கல்யாண வீடியோவை முழுதாகப் பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டு போனார். இங்கே இருந்தால் பத்திரமில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அது கிடக்கட்டும்.

நிசார் போன பிறகு பச்சியப்பனிடம் அவன் போனைக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றேன். ரோஷன் பீ தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழுந்தான்.

“வேற ஒண்ணும் வேணாம் பாய். பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் கூட வாங்க. நாலு பேரு பாத்துட்டாங்க இல்ல, நிசார் பாய் வந்தத.”

நடந்தோம். தெருவில் இருந்தவர்கள் பார்த்தார்கள். நான் அவன் பக்கத்திலேயே ஒட்டி நடந்தேன். டீக்கடைக்காரர் கிளாசைக் கழுவிக்கொண்டே, “என்ன பாய், இவர் கூட?” என்றார். பச்சியப்பன் என் முகத்தைப் பார்த்தான்.

“எங்க வூட்ல ஒரு வேல” என்றேன். “காலையில இருந்து இருந்தாரு. சுத்தமா முடிச்சிக் குடுத்துட்டாரு.”

கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். பச்சியப்பன் சுற்றிலும் பார்த்தான். பெஞ்சில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

“இன்னொரு டீ சொல்லுங்க பாய்” என்றான். “அஞ்சரைக்கு தீர்த்தமலை பஸ் வரும். கூட்டம் எறங்கும். அப்ப இன்னொரு தரம் சொல்லுங்க.”